கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனால்

கேள்வி: எனக்கு 31 வயது, திருகோணமலை. கணவர் சிறிய பாய்ப்படகு ஒன்று வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு ஞாயிறு உப்புவெளியில் இருந்து சுவாமிமலைப் பக்கம் போய், கோணேசர் கோயிலைக் கடலில் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். பின்னேரம் மூன்று மணிபோல மேற்கே கறுத்துக்கொண்டு வந்து காற்று அடித்தது. பாய்க்கயிற்றை நான் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். அவர் “விடு, விடு” என்று கத்தினார், எனக்கு விளங்கவில்லை. படகு சரிந்து தண்ணீர் ஏறிவிட்டது. மீன்பிடி போட் ஒன்றுதான் எங்களைக் கட்டி இழுத்து வந்தது. அன்றிலிருந்து எல்லாம் என்னால்தான் என்று முகம் கொடுத்துப் பேசுகிறார் இல்லை. மாமியின் தம்பி 2004 சுனாமியில் போனவர், அதனால் கடல் என்றாலே மாமி விடமாட்டார். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி நாலு வயது மகளை அவரிடம் விட்டிருந்ததால் நல்லவேளை அவர் பயப்படவில்லை. வரும் வழியில் திருநீறும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். பிழை யாருடையது? இனி அவரோடு கடலுக்குப் போகலாமா?

பதில்: தங்கச்சி, பயந்த நேரத்தில் கத்தியதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாதக்கணக்காக வைத்திருக்கும் கணவன் மனைவியிடமிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. அந்தக் கயிற்று வழக்கைப் பிறகு பார்ப்போம். “நல்லவேளை மாமி பயப்படவில்லை” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அதில் என்ன நல்லவேளை?

அந்த மீன்பிடி போட் வரவில்லை என்று வையுங்கள். செப்டெம்பரில் நம் கரையில் காற்று மேற்கில் இருந்து, தரையில் இருந்துதான் அடிக்கும். கரையோரத் தண்ணீர் அதனால் குளம் மாதிரிக் கிடக்கும், கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தண்ணீர் ஏறிய படகை அந்தக் காற்று கரைக்குத் தள்ளாது, வங்கக் கடலுக்குத்தான் தள்ளும். ஆறு மணி தாண்டினால் இருட்டு. மாமி போன் எடுத்திருப்பார், பதில் இல்லை. யாரையாவது பிடித்துத் தேடச் சொல்லியிருப்பார். எங்கே தேடியிருப்பார்கள்? பிரெட்ரிக் கோட்டை வாசலில், கோயில் வீதியில், ஆஸ்பத்திரியில். கடலில் தேடுங்கள் என்று கடற்படைக்கோ பொலிசுக்கோ சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை, ஏனென்றால் அந்த ஒரு ஆளிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவரைப் பயப்படாமல் வைத்திருந்த அந்தப் பொய்தான் உங்களைத் தேட ஆள் இல்லாமலும் ஆக்கியது.

அந்தத் திருநீறு எனக்கு இன்னும் ஆறவில்லை. தப்பிக் கரையேறிய ஈரத்தோடு, கைகால் நடுக்கம் நிற்க முன்னம், பொய்யை முழுமையாக்க ஒரு கோயிலில் இறங்கி வாங்கியிருக்கிறீர்கள். மாமி அதை உங்கள் மகளின் நெற்றியில் பூசியிருப்பார். கடலில் தம்பியைக் கொடுத்த மனுசிக்கு நோகக்கூடாது என்று நினைத்ததாகச் சொல்வீர்கள். சொன்னால் விடமாட்டார் என்பதுதான் உண்மையான காரணம், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேடிக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று உங்கள் வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர். பிள்ளையைப் பார்க்க மட்டும் அவர் வேண்டும், பேரப்பிள்ளையின் தாயும் தகப்பனும் எங்கே நிற்கிறார்கள் என்று அறிய அவருக்கு உரிமை இல்லையா? நாலு வயதுப் பிள்ளையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனால், நாம் திரும்பி வராவிட்டால் அந்தக் கைதான் அவளை வளர்க்கும். அந்த ஆளிடம் பொய் சொல்லக்கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, கயிறு. பிழை அவருடையது. குத்துக்காற்று விழும்போது பாய்க்கயிற்றைத் தளர்த்தினால் பாய் காற்றை விட்டுவிடும், படகு நிமிரும். அதனால்தான் அந்தக் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. இதைக் கரையில் வைத்துப் பத்துத் தரம் செய்துகாட்டாமல் உங்கள் கையில் கயிற்றைத் தந்தவர், புயல் நடுவில் “விடு” என்று கத்தினால் எதை விடுவது என்று உங்களுக்கு எப்படி விளங்கும்? மேற்கே கறுக்கத் தொடங்கியபோதே பாயை இறக்கியிருக்க வேண்டியதும் அவர்தான். உள்நாட்டில் வெயிலுக்குத் திரளும் இடிமுகில் பின்னேரம் கிழக்குக் கரைக்கு வரும் என்று உப்புவெளியில் வலை இழுக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அவர்கள் வள்ளத்தை ஏற்றிவைக்கிற நாளில் நீங்கள் இறக்கக்கூடாது. அவர் உங்களோடு பேசாமல் இருப்பது உங்கள் மேல் கோபத்தில் இல்லை என்றுதான் நினைக்கிறேன், அன்று மனைவியைச் சாகக் கொடுத்திருப்பேனே என்ற வெட்கத்தில். ஆனால் அந்த வெட்கத்தை உங்கள் தலையில் போட அவருக்கு நியாயம் இல்லை, இந்தப் பதிலை அவரே வாசிக்கட்டும்.

இந்த வாரமே இருவரும் மாமியிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், திருநீறு உட்பட. மகன் முதலில் வாய் திறக்கட்டும், அவருடைய அம்மா. இழுத்து வந்தவர்களுக்குத் தெரியும், உப்புவெளி என்ன பெரிய பட்டணமா, மாமிக்குச் சந்தையில் வைத்துத் தெரிய வந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். அழுவார், திட்டுவார், இரண்டு நாள் சாப்பிடமாட்டார். கேட்டுக்கொண்டிருங்கள். அப்புறம் அந்த மீனவர்களிடம் போய், அன்று உங்களுக்காக எரித்த எண்ணெய்க் காசைக் கொடுங்கள். அது பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இனிப் போகலாமா என்றால், இப்போது இல்லை. ஒக்டோபர் வந்துவிட்டது, இடியும் மின்னலும் கூடும், நவம்பரில் தாழமுக்கம், பிறகு வாடை. 1964 டிசம்பர்ப் புயலும் 2020 டிசம்பரில் புரெவியும் ஏறியது நம் கரையோரமாகத்தான். படகு மே மாதம் வரை கரையில் கிடக்கட்டும். அதன்பிறகு போவதென்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பார்த்து, காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்புங்கள், இருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தக்கூடாது, தண்ணீரில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பதைவிடக் கவிழ்ந்த படகைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு வருவோம் என்று மாமியிடம் எழுதிக் கொடுங்கள், அந்த நேரம் தாண்டினால் 119க்கு எடுக்கச் சொல்லுங்கள். அவர் அந்தத் தாளை வாங்கமாட்டேன் என்றால் இருவரும் சேர்ந்து போகாதீர்கள். ஒருவர் நண்பரோடு போகட்டும், மற்றவர் மகளோடு கரையில் நிற்கட்டும், அவள் பெரிய பிள்ளை ஆகும் வரைக்கும்.