ஐந்து மணிக்கு எழுந்தும் ஏன் தாமதம்? வேலைக்குப் போகும் அம்மாக்களின் கேள்விகளும் பதில்களும்

நேரம் போதவில்லை என்று வந்த கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: 8.15-க்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். முதலில் 6 மணிக்கு எழுந்தேன், பிறகு 5.30, இப்போது 5. ஆனாலும் கதவைப் பூட்டும்போது 8.30 ஆகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு வயது 4, 8. எங்கே தப்பு செய்கிறேன்?

நீங்கள் எழும் நேரத்தில் தப்பில்லை. பிள்ளைகளை எழுப்பும் நேரத்தைப் பாருங்கள்.

காலையின் முதல் பாதி உங்கள் கையில் இருக்கிறது. கடைசி ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் கையில். நீங்கள் சீக்கிரம் எழ எழ, நேரம் கூடுவது முதல் பாதியில்தான். இடிப்பது இரண்டாம் பாதியில். முதல் பாதியில் கிடைக்கும் கூடுதல் அரை மணிக்குள் இன்னொரு வேலை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இருக்கும் நேரத்துக்கு ஏற்றபடி வேலையும் நீளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ல் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதினார். சமையலறைக்கும் அது அச்சு அசலாகப் பொருந்துகிறது.

மூன்று நாள் ஒரு துண்டுத்தாளை அடுப்படியில் ஒட்டிவைத்து, எது எத்தனை மணிக்கு முடிந்தது என்று குறியுங்கள். பல் தேய்க்க, உடுத்த, சாப்பிட, செருப்பு மாட்ட என்று தனித்தனியாக. பிறகு மூன்று நாளில் எது மிக மோசமோ அந்தக் கணக்கை எடுங்கள். திட்டம் போடும்போது எல்லாமே ஒழுங்காக நடந்த நாளைத்தான் மனம் நினைத்துப் பார்க்கும். இந்தக் கோளாறை உளவியலாளர்கள் டேனியல் கானமேனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாள் மாதத்துக்கு இரண்டு வந்தால் பெரிது.

இப்போது கதவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 8.15 கிளம்ப வேண்டிய நேரம் என்றால், திட்டத்தில் 8.05 என்றே எழுதுங்கள். அந்த 10 நிமிடத்தில் எந்த வேலையையும் வைக்கக் கூடாது. செருப்பு, கடைசி நேர பாத்ரூம், பை மாட்டுவது இவற்றுக்கு 15 நிமிடம்: 7.50. சாப்பாட்டுக்கு 25 நிமிடம்: 7.25. உடை மாற்ற 15: 7.10. பல் தேய்த்து, முகம் கழுவ 15: 6.55. எழுந்து சிணுங்கி முடிக்க 10: 6.45. ஆக, பிள்ளைகள் 6.45-க்கு எழ வேண்டும். 'எல்லா வேலையையும் முடித்துவிட்டு எழுப்பலாம், அதுவரை தூங்கட்டும்' என்று 7.10 வரை விட்டுவைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அந்த 25 நிமிடத்தை வாசலில் நின்று கத்தினாலும் மீட்க முடியாது.

மிச்ச நேரத்தை முதலில் வைக்காமல் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பால் கொட்டுவதும் ஒரு கால் சாக்ஸ் காணாமல் போவதும் எப்போதும் கடைசியில்தான்.

இரவுக்குத் தள்ள வேண்டியவை: சாக்ஸ் உட்பட மறுநாள் உடை, கையெழுத்துப் போட்ட டைரியோடு பைகள் வாசலுக்கு, கழுவிக் கவிழ்த்த லஞ்ச் பாக்ஸ், சாவி ஒரே கொக்கியில். உடைக்காகச் சண்டை போடும் குழந்தை என்றால் இரவே இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். காலையில் பீரோவைத் திறக்கவே விடாதீர்கள்.

தூக்கக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 6.45-க்கு எழ வேண்டுமானால் இரவு 8.30-க்குப் படுக்கையில் இருக்க வேண்டும். உங்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். 5 மணி அலாரத்தை 5.45-க்கு மாற்றிவிட்டு, 10.30-க்குப் படுங்கள்.

கேள்வி: கணவர் நல்லவர்தான். 'என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்' என்கிறார். ஆனால் ஒவ்வொன்றையும் சொல்வதே எனக்கு ஒரு வேலையாக இருக்கிறது.

அது வேலைதான். ஆலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் வீட்டின் மூளை உழைப்பை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, என்னென்ன வழிகள் என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. உங்கள் கணவர் எடுத்துக்கொள்வது இந்த நான்கிலும் சேராத ஐந்தாவதை, அதாவது கையால் செய்யும் பகுதியை மட்டும்.

எனவே வேலையைக் கொடுக்காதீர்கள், துறையைக் கொடுங்கள். உதாரணத்துக்குக் குழந்தையின் மருத்துவம். 'நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க' என்பது வேலை. அடுத்த தடுப்பூசி எப்போது என்று அட்டையைப் பார்ப்பது, நேரம் வாங்குவது, அலுவலகத்தில் அனுமதி கேட்பது, கூட்டிப் போவது, இரவு காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்த தேதியைக் காலண்டரில் குறிப்பது, இத்தனையும் சேர்ந்தது துறை. மருத்துவமனை எண்ணும் பள்ளி வாட்ஸ்அப் குழுவும் அவர் போனில்தான் இருக்க வேண்டும். தகவல் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும்வரை துறை கைமாறவில்லை என்று பொருள்.

கைமாற்றும்போது இருவரும் உட்கார்ந்து, 'எது நடந்தால் போதும்' என்ற கோட்டை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். ஊசி உரிய வாரத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். எந்த நாள், எந்தச் சட்டை என்பது அவர் பாடு. முதல் மூன்று வாரம் ஏதாவது ஒன்று தவறும். அப்போது பாய்ந்து போய் நீங்கள் செய்துவிட்டால் துறை அன்றைக்கே உங்களிடம் திரும்பி வந்துவிடும். ஆபத்தில்லாத தவறு என்றால் தவறட்டும். மடித்த துணியை அவர் கண்முன் பிரித்து மறுபடி மடிப்பதும் இதே கணக்குதான். இது சற்று உறைக்கும், ஆனால் சொல்லியாக வேண்டும்.

இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமல்ல. உலக அளவில் ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடமும், ஆண்கள் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கை சொல்கிறது. அலாரத்தை மாற்றி வைத்து இந்த மூன்று மணி நேர வித்தியாசத்தை அடைக்க முடியாது.

கேள்வி: எந்த டூ-டூ ஆப் நல்லது?

வீட்டில் இருவரும் திறந்து பார்க்கும் எதுவும் நல்லது. நீங்கள் மட்டும் பார்ப்பது உங்கள் தலைக்கு இன்னொரு நகல். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் பல ஆப்களை ஜெயித்திருக்கிறது.

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலைத் தொடர விருப்பம். அலுவலகத்தில் எத்தனை முறை பால் எடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

பொதுவாக 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. பயணத்தையும் சேர்த்து 10 மணி நேரம் வெளியே இருந்தால் மூன்று முறை. பம்ப் ஓடுவது 15 முதல் 20 நிமிடம். கை கழுவ, பொருத்த, ஊற்ற, கழுவி வைக்க இன்னும் 10. ஆக ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடத்தைக் காலண்டரில் முதல் நாளே அடைத்துவிடுங்கள். 'நேரம் கிடைக்கும்போது எடுத்துக்கொள்கிறேன்' என்று இருந்தவர்களுக்குத்தான் மார்பில் கட்டிக்கொள்வதும் பால் குறைவதும் நேர்கிறது. பால் வெளியேறாமல் தேங்கினால், தேவை இல்லை என்று எடுத்துக்கொண்டு உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும்.

எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லையா? உறைந்த ஐஸ் பேக் போட்ட வெப்பக் காப்புப் பையில் 24 மணி நேரம் வைக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்து முழுதும் உருகிய பாலை, ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

நடக்கும் தவறுகள் மூன்று. பெரிய பாட்டிலில் சேர்த்து வைப்பது: 60 முதல் 120 மில்லியாகப் பிரித்தால் வீணாவது குறையும். விளிம்புவரை ஊற்றுவது: உறையும்போது பால் விரியும், மேலே ஒரு விரற்கடை விடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்குவது: சூடு சீராகப் பரவாது, ஒரு பக்கம் குளிர்ந்திருக்கும்போதே இன்னொரு பக்கம் குழந்தையின் வாய் வெந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தினால் போதும்.

வேலையில் சேர இரண்டு வாரம் முன்பே பம்பைப் பழகுங்கள். வலித்தால் பெரும்பாலும் மார்பில் பொருத்தும் வாய்க்குழலின் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். சேரும் நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வாரத்தின் நடுவில் சேருங்கள். இரண்டு, மூன்று நாளில் விடுமுறை வந்துவிடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் சமைத்து வைக்கிறேன். ஐந்து மணி நேரம் போகிறது, வியாழக்கிழமை கெட்டுவிடுகிறது.

கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சமைத்த உணவு ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள்தான், அதுவும் உள்ளே 4 டிகிரிக்குக் கீழே இருந்தால். ஞாயிறு, புதன் என்று இரண்டாகப் பிரியுங்கள், அல்லது வாரக் கடைசிக்கானதை அன்றே ஃப்ரீசருக்குத் தள்ளுங்கள். சமைத்த 2 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற நேரமாகும், அங்கேதான் கிருமி பெருகும். 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். மூடியில் தேதி.

அதைவிட முக்கியம்: வார நாள் மாலையில் உங்கள் நேரத்தைத் தின்பது அடுப்பு அல்ல. 'இன்று என்ன செய்வது' என்ற யோசனையும் கழுவி, உரித்து, நறுக்குவதும்தான். ஆறு நாளுக்கான பட்டியலும் நறுக்கிய காய்களும் இருந்தால் போதும். அதற்கு ஒன்றரை மணி நேரம் தாராளம்.

கேள்வி: அலுவலகத்தில் குழுவுக்குப் பிறந்தநாள் ஏற்பாடு, மீட்டிங் குறிப்பு, புதியவருக்குச் சொல்லித் தருவது எல்லாம் என்னிடமே வருகிறது. என் வேலை மாலையில் வீட்டுக்கு வருகிறது.

பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக்கும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட பரிசோதனையில், யாரும் விரும்பாத ஒரு வேலைக்கு ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் கை தூக்கினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களே செய்தார்கள். ஆக, பெண்களுக்கு அந்த வேலை இயல்பாகப் பிடித்துப்போவதில்லை. அவர்கள் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவர்களும் சேர்த்து.

எனவே மறுப்பதைவிட முறை வைப்பது எளிது. 'சென்ற மூன்று மீட்டிங்குக்கும் நான் குறிப்பெடுத்தேன், இனி அகர வரிசைப்படி மாறி மாறி எடுக்கலாம்' என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், பட்டியலையும் நீங்களே இணைத்து. கேட்டவுடன் சரி சொல்லும் பழக்கம் இருந்தால், 'என் வேலையைப் பார்த்துவிட்டு நாளைக் காலை சொல்கிறேன்' என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மேலாளர் நேரடியாகக் கொடுத்தால், கையிலிருக்கும் மூன்று வேலைகளைச் சொல்லி எதைத் தள்ளலாம் என்று அவரையே கேளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை. மூன்று வயது மகன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறான். எப்படிச் சமாளிப்பது?

மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே முழுநேர வேலை செய்ய எந்த உத்தியும் கிடையாது. வேறொரு பெரியவர் தேவை, குறைந்தது நாளுக்கு 4 மணி நேரம். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டிய வேலைகளை மட்டும் செய்யுங்கள்; மின்னஞ்சல், படிவம், பில் எல்லாம் மகன் பக்கத்தில் விளையாடும்போது.

எழுந்து போக நேரும் ஒவ்வொரு முறையும், எழுவதற்கு முன் அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள்: 'மூன்றாவது பத்தியில் மொத்தத் தொகையைச் சரிபார்க்க வேண்டும்' என்று அவ்வளவு குறிப்பாக. விட்டுவந்த வேலையில் கவனத்தின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதை மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் ஆராய்ந்து காட்டினார். அந்த வரி இருந்தால் மகனிடம் முழுசாகப் போகலாம், திரும்பி வந்தும் தேட வேண்டாம்.

கேள்வி: காலை 6 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிகிறது. அன்று யார் விடுப்பு எடுப்பது என்பதிலேயே ஒரு மணி நேரச் சண்டை.

அந்த முடிவைக் காய்ச்சல் இல்லாத நாளில் எடுங்கள். ஞாயிறு இரவு 15 நிமிடம், இருவர் காலண்டரும் மேசைமேல். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ஒரு பெயர்: அன்று குழந்தைக்கு முடியவில்லை என்றால் இவர் வீட்டில். இருவருக்குமே நகர்த்த முடியாத வேலை இருக்கும் நாளுக்கு மூன்றாவதாக ஒருவர் பெயர், அவரிடம் முன்பே கேட்டுவிட்டு. தாளின் கீழே மருத்துவர் எண், குழந்தையின் எடை, கடைசியாக மருந்து கொடுத்த நேரத்தை எழுத ஒரு கோடு. எடை எதற்கு என்றால், குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். காலை 6 மணிக்கு, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியைத் தேட முடியாது.