முள்ளோடைக்கு அந்தப் பக்கப் பதிவேடு – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் 81 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். 1992 ஐப்பசியில் அவருடைய மூத்த மகன், அப்போது 19 வயது, "பாண்டி போய்ட்டு ராத்திரிக்குள்ள வந்துடுறேன்" என்று பஸ் ஏறியவர்தான், திரும்பவில்லை. அப்போதே புகார் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பாட்டியின் மகள் ஸ்டேஷனில் விசாரித்தபோது, "ஃபைலே இல்லம்மா. ஏழு வருஷம் தாண்டினா சட்டப்படி இறந்ததாத்தான் கணக்கு, இனிமே தேட மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் கணவரோ, "போன வாரம் காணாமப் போன பொண்ணத் தேடவே ஆள் பத்தல, முப்பது வருஷக் கேசுக்கு எதுக்குப் போலீஸ்?" என்கிறார். ஆஸ்திரேலியாவில் 1966இல் காணாமல் போன குழந்தைகளுக்காக 2025இல்கூட மண்ணைத் தோண்டினார்கள் என்று படித்தேன். அது வீண் வேலையா? இல்லை, நாம்தான் சீக்கிரம் கைகழுவிவிடுகிறோமா?

க., கடலூர்

அன்புள்ள க.,

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. ஸ்டேஷனில் சொன்னது முழுக்கத் தப்பு. முதலில் அதைப் பார்ப்போம்.

ஏழு வருஷக் கணக்கு 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 111ஆம் பிரிவு. ஒருவரைப் பற்றி ஏழு வருஷமாக, கேள்விப்பட்டிருக்க வேண்டிய யாரும் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது அந்த விதி. சொத்து, இன்சூரன்ஸ், பென்ஷன் மாதிரியான வழக்குகளில் குடும்பம் முட்டிக்கொண்டு நிற்காமல் இருப்பதற்காக வந்தது. எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: இந்த அனுமானம் கோர்ட்டில் கேள்வி எழும்போதுதான் எழும்; அந்த ஆள் எந்தத் தேதியில் இறந்தார் என்பதை அது சொல்லாது. போலீஸ் தேடுவதை நிறுத்தலாம் என்று இதில் எங்கேயும் இல்லை. முடித்த வழக்கில் மேல் விசாரணை செய்ய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(8) இருந்தது, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 193(9) இருக்கிறது. கொலைக்குக் காலவரம்பே கிடையாது. பாட்டியின் குடும்பம் முன்சீப் கோர்ட்டில் இறந்ததாக டிக்ளரேஷன் வாங்கினாலும் ஸ்டேஷன் வழக்கு தனியாக நிற்கலாம்.

இனி உங்கள் கேள்வி. "தேடுவது" என்றதும் நமக்கு நாலு போலீஸ்காரர் போட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பது கண்ணில் வருகிறது. அந்தத் தேடலுக்கு ஆயுசு சில வாரம்தான். முப்பது வருஷம் கழித்து அதைச் செய்யச் சொல்வது வீண், அந்த ஆட்களைப் போன வாரம் காணாமல் போன பெண்ணுக்கு அனுப்புவதே நியாயம். குழந்தை வழக்கென்றால் அது கட்டாயமும்கூட. 2013இல் உச்ச நீதிமன்றம் காணாமல் போன குழந்தைகளுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்றது. நாலு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு வழக்கு போக வேண்டும்.

பழைய வழக்குக்கு வேண்டியது வேறு வேலை: ஒப்பிடுவது. எழுத்து வேலை தெரிந்த ஒரு சிறப்பு எஸ்.ஐ. வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். உங்கள் ஊர்ப் பக்கம் இந்த ஒப்பிடுதல்தான் நடக்காமல் போகிறது. காரணம், கணிசமான பங்கு பூகோளம்.

கடலூரிலிருந்து பாண்டிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம். தென்பெண்ணைப் பாலம், ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு போலீஸ். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி போலீஸ். பாகூர்ப் பக்கம் இரண்டு எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். தண்டவாளத்தில் கிடைக்கும் உடல் ரயில்வே போலீசுக்குப் போகும், அதற்குக் குற்ற எண்ணே தனி. ஆள் காணோம் என்ற புகார் ஒரு ஸ்டேஷனில், அடையாளம் தெரியாத உடல் இன்னொரு மாநிலத்து ஸ்டேஷனில். இரண்டு தாளும் ஒரே மேஜைக்கு வருவதற்கு 1992இல் வயர்லெஸ் செய்தியையும் தபாலையும் விட்டால் வழி இல்லை. கடலில் போனவராக இருந்தால் இன்னும் சிக்கல். வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். பாண்டியில் விழுந்த உடல் பரங்கிப்பேட்டையிலோ அதற்கும் தெற்கிலோ ஒதுங்கலாம். சித்திரை, வைகாசியில் அதுவே வடக்கே, மரக்காணம் பக்கம் போகும்.

தாளும் தாளும் ஒரே மேஜைக்கு வந்தாலும் ஏன் பொருந்தாமல் போகும் என்பதையும் பாருங்கள். "மேன் மிஸ்ஸிங்" புகாரில் வழக்கமாக இருப்பது: வயது 19, மாநிறம், ஐந்தரை அடி, ஒல்லி, வெள்ளைச் சட்டை, நீலக் கைலி. இன்னொரு ஸ்டேஷனில், வி.ஏ.ஓ. புகாரின் பேரில் 174இல் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சந்தேக மரணப் பிரிவு) பதிவான தாளில் இருப்பது: அடையாளம் தெரியாத ஆண் பிணம், வயது சுமார் 35, கறுத்த நிறம், பருத்த உடல், அழுகிய நிலை. இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம். நம் கடல் சூட்டில் இரண்டு மூன்று நாளில் உடல் ஊதிவிடும், தோல் கறுக்கும், முகம் வீங்கி வயது கூடித் தெரியும். அதனால் பழைய தாள்களைப் புரட்டுபவர் வயதையும் நிறத்தையும் உடல்வாகையும் ஒதுக்கிவிட வேண்டும். உயரம், பல், பழைய எலும்பு முறிவு, ஆழமான தழும்பு, பச்சை குத்திய குறி, துணி ஆகியவைதான் நிற்கும். அதிலும் துணி. 1992இல் சட்டை பெரும்பாலும் தைத்துப் போடுவது. காலர் உள்பக்கம் தையல்கடை லேபிள் இருக்கும், சலவைக்குப் போட்ட துணியில் சலவைக்காரர் குறி இருக்கும். பிண விசாரணை அறிக்கையில் ஏட்டு இதை எழுதியிருப்பார். குடும்பம்தான் எந்தக் கடையில் தைத்த சட்டை என்று புகாரில் சொல்லியிருக்காது, ஏனென்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்.

"ஃபைல் இல்லை" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். 1992இல் கடலூர் மாவட்டம் என்று ஒன்று இல்லை, தென்னாற்காடுதான். 1993 செப்டம்பர் 30இல்தான் அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. காகிதங்களும் பிரிந்தன. ஸ்டேஷன் கட்டு அழிக்கப்பட்டிருந்தாலும் எஃப்.ஐ.ஆரின் ஒரு பிரதி கோர்ட்டுக்குப் போயிருக்கும். 174 வழக்கென்றால் அது போவது தாசில்தாருக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ, அதாவது வருவாய்த்துறைப் பரணுக்கு. போலீஸ் ஆட்களே அங்கே தேட மறந்துவிடுவார்கள். எல்லாம் போனாலும் பிறப்பு–இறப்புப் பதிவேடு போகாது, அது நிரந்தர ஆவணம். புதைக்கப்பட்ட உடல் "பெயர் தெரியாத ஆண்" என்று நகராட்சியிலோ வி.ஏ.ஓ.விடமோ பதிவாகியிருக்க வேண்டும். 1992 அக்டோபர் முதல் 1993 ஜனவரி வரை, மரக்காணத்திலிருந்து கொள்ளிடம் வரை கடற்கரையோரப் பதிவேடுகளில் பெயரில்லாத வரிகளை மட்டும் எடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதோடு கடலூர், புதுச்சேரி அரசு மருத்துவமனைகளின் பிணவறைப் பதிவேடுகள். யாரும் கேட்டு வராத உடல்களில் சில மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கும். அங்கேயும் பதிவேடு உண்டு.

இதைச் செய்யவைக்க, பாட்டியின் மகள் புதன்கிழமை மனு நாளில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும், நகல் புதுச்சேரி போலீசுக்கும். அதற்கு முன்பே 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு ஆர்.டி.ஐ.: எஃப்.ஐ.ஆர். நகல், வழக்கு எப்படி முடிக்கப்பட்டது, புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்ததற்கான அத்தாட்சி, ஃபைல் அழிக்கப்பட்டது என்றால் அழிப்புப் பதிவேட்டில் அந்த வரியின் நகல். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் பல ஃபைல்கள் "கிடைத்துவிடும்".

ஆஸ்திரேலிய விஷயத்துக்கு வருகிறேன். அடிலெய்டு நகரத்துக் கிளெனெல்க் கடற்கரைக்கு 1966 ஜனவரி 26 அன்று போன மூன்று சகோதரக் குழந்தைகள் அவர்கள். ஒரே தொழிற்சாலை வளாகத்தில் 2013, 2018, 2025 என்று மூன்று முறை தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காகத் தோண்டியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் 1979இல் காணாமல் போன ஆறு வயதுப் பையனுக்காக 2012 ஏப்ரலில் ஒரு கட்டடத்தின் நிலவறையைத் தோண்டினார்கள். மண்ணில் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்தியைப் பார்த்த ஒருவர் தன் உறவினர்மேல் சந்தேகம் என்று போலீசுக்குத் தகவல் சொன்னார். அடுத்த மாதமே கைது, 2017இல் தண்டனை. 2025இல் மேல் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. உடலும் தடயமும் இல்லாத வழக்கு, வாக்குமூலத்தைச் சுற்றியே நின்றது. நம்மூரில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லவே செல்லாது. அதைக் கொண்டு ஏதாவது கண்டெடுத்தால் அந்த அளவுக்குத்தான் செல்லும். ஆனாலும் பழைய வழக்கில் வாய் திறப்பவர்கள் இப்படித்தான் வருவார்கள். அன்றைக்குப் பயந்து சும்மா இருந்த குற்றவாளியின் மனைவி இன்றைக்குப் பிரிந்து போயிருப்பார், கூட்டாளிக்கு நோய் வந்திருக்கும். வழக்கு மூடிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் அவர்களும் வர மாட்டார்கள்.

தோண்டுவதற்கு என் அளவுகோல் இதுதான். இடத்தைச் சொல்பவருக்கு அது எப்படித் தெரியும் என்பதற்கு விடை இருக்க வேண்டும். அந்த மண் இடையில் புரட்டப்படாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஜே.சி.பி.யைக் கூப்பிடுவது டிவிக்காரர்களுக்காக. கூப்பிட்டாலும் பல் வைத்த பக்கெட் கூடாது, விரல் எலும்பும் பல்லும் அதில் போய்விடும். பல் இல்லாத பக்கெட்டால் ஒரு சாண்கூட இல்லாமல், ஐந்து பத்து சென்டிமீட்டராகச் சுரண்டி, மண்ணின் நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, அதற்குமேல் கரண்டியும் சல்லடையும்தான். தரைக்குள் பார்க்கும் ரேடார் இருக்கிறதே என்பார்கள். கடலூர்க் கரையோர உப்புக் களிமண்ணில் அந்த அலை கொஞ்ச ஆழத்திலேயே செத்துவிடும். காய்ந்த மணலில் வேலை செய்யும்.

உயிரோடு இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு, அதை மறக்க வேண்டாம். பல வருஷம் கழித்து வீடு திரும்புகிறவர்களில் மனநிலை பாதித்து ரயில் ஏறியவர்கள் நிறைய. அவர்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சென்னையில் பேன்யன், மகாராஷ்டிரத்தில் கர்ஜத் ஷ்ரத்தா போன்ற இல்லங்கள். குணமாகி ஊர்ப்பெயர் சொன்னதும் அவர்களே விசாரிக்கிறார்கள். அந்த நேரத்தில் பொருந்துவதற்கு இந்தப் பக்கம் ஒரு வழக்கு உயிரோடு இருந்தாக வேண்டும். தானாகவே வீட்டை விட்டுப் போய் வேறு குடும்பம் நடத்துகிறவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் "இருக்கிறார்" என்று மட்டும் பாட்டிக்குச் சொல்லலாம், மகனின் சம்மதம் இல்லாமல் முகவரி தர முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரம் பாட்டியின் ரத்தம். என்றைக்காவது ஒரு எலும்பு கிடைத்தால் ஒப்பிட அம்மாவின் மாதிரியைப் போல எதுவும் இல்லை. அவருக்குப் பிறகு மகளின் மாதிரி ஓரளவு உதவும், ஏனென்றால் தாய்வழியில் வரும் மைட்டோகாண்டிரியா மகளிடமும் அதேதான். தம்பி இருந்தால் தந்தைவழி ஒய் குரோமோசோமுக்கு அவர். தம்பியின் பிள்ளைகள் தாய்வழிக்கு உதவ மாட்டார்கள். காணாமல் போனவர்களுக்குத் தனித் தொகுப்பு வைக்கச் சொன்ன டி.என்.ஏ. மசோதா 2019இல் மக்களவைக்கு வந்தது, 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் எலும்பு இல்லாமல் ரத்தத்தை மட்டும் வாங்கிவைக்க இங்கே ஏற்பாடு இல்லை. வழக்கில் செல்லும் மாதிரி என்றால் கோர்ட் உத்தரவோடு, அரசு மருத்துவமனையில், போட்டோ ஒட்டிய படிவத்தோடு எடுப்பதுதான். அது பிறகு நடக்கட்டும். இப்போதைக்கு லேப் டெக்னீஷியன் யாரையாவது வீட்டுக்கு அழைத்து, விரலில் குத்தி, எஃப்.டி.ஏ. அட்டையில் (ரத்தத்தைக் காயவைத்துப் பத்திரப்படுத்தும் காகித அட்டை) நாலு சொட்டு எடுக்கச் சொல்லுங்கள். அட்டை கிடைக்காவிட்டால் சுத்தமான வடிதாள். வெயிலில் வைக்காமல் நிழலில் நாலு மணி நேரம் முழுக்கக் காயவைத்து, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவர் கூடாது, ஈரம் பிடித்துப் பூஞ்சை வந்துவிடும். அந்த உறையையும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் டப்பாவில் வைத்து மூடி பீரோவில் வைத்தால் போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். உறையின்மேல் பாட்டியின் முழுப்பெயர், மகன் பெயர், ஸ்டேஷன், குற்ற எண், எடுத்த தேதி, எடுத்தவர் கையெழுத்து. பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் பேனா மை கரையக்கூடும்.