வாசகர் கேள்வி பதில்: விசாரித்த பின் பகிர்வோம்

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இந்து, கிறிஸ்தவர், இஸ்லாமியர் என எல்லாரும் அதில் உண்டு. பக்கத்து ஊரில் ஊர்வலத்தின்மீது கல்லெறிந்துவிட்டார்கள் என்ற குறிப்புடன் நண்பர் ஒருவர் ஒரு காணொளியைப் பகிர்ந்தார். வாக்குவாதம் முற்றி இருவர் குழுவிலிருந்து விலகிவிட்டனர். அது வெளிமாநிலக் காணொளி என்று பிறகு தெரியவந்தும், பகிர்ந்தவர் எதுவும் சொல்லவில்லை. நான் என்ன செய்வது?
– வாசகி, குளச்சல்

பதில்: பகிர்ந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்துத் தனியே பேசுங்கள். பலர் முன்னிலையில் குற்றம் சாட்டப்படுபவர் தம் மானத்தைக் காத்துக்கொள்ளத்தான் முதலில் முனைவார். உண்மை எது என்பது அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிடும். “அண்ணா, அந்தக் காணொளி நம்ம ஊரில் எடுத்தது இல்லையாம். நீங்களே குழுவில் ஒரு வரி எழுதிவிட்டால் நன்றாக இருக்கும்” என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தால், அவர் பெயரைச் சொல்லாமல் நீங்களே எழுதிவிடுங்கள். காணொளியை நீக்கினால் மட்டும் போதும் என்று நான் கருதவில்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள் அதை நம்பிக்கொண்டுதான் இருப்பார்கள். சிலர் வேறு குழுக்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். ஆகவே தவறான செய்தி வந்த அதே குழுவில் திருத்தமும் வர வேண்டும். விலகிய இருவரையும் வாட்ஸ்அப்பில் சமாதானப்படுத்த முயலாமல், வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

இனி இத்தகைய காணொளி வந்தால் முதலில் கவனிக்க வேண்டியவை அதற்குள்ளேயே இருக்கின்றன. கடைப் பெயர்ப்பலகை எந்த மொழியில் இருக்கிறது? வண்டிகளின் எண் நாகர்கோவிலுக்குரிய டி.என். 74, மார்த்தாண்டத்துக்குரிய டி.என். 75 என்று தொடங்குகிறதா? பின்னணியில் கேட்கும் பேச்சு நம் வட்டாரப் பேச்சுதானா? செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து பேருக்குக் குறையாமல் கைமாறி வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பிய நண்பரும் அதை நேரில் கண்டவர் அல்லர். இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் அங்கே நமக்கு ஓர் உறவினரோ, உடன் படித்தவரோ, வேலை பார்க்குமிடத்தில் பழகியவரோ இருப்பார். அவருக்கு ஓர் அழைப்பு விடுத்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் துப்பாக்கிச்சூடு வரை சென்று உயிர்களைப் பறித்தது. கைப்பேசியே இல்லாத அந்தக் காலத்திலும் அச்சம் ஊர்விட்டு ஊர் பரவியது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து, மக்களைச் சந்தித்துப் பேசித்தான் அமைதி முயற்சியில் ஈடுபட்டார். மனம் காயப்பட்டவர்கள் எதிரே போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எந்தச் செயலியும் இன்றுவரை வரவில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை கடத்துபவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அந்தச் சந்தேகத்தை ஊட்டியவை அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த வதந்திகள். நாட்டின் பல இடங்களில் இத்தகைய கொலைகள் நடந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. அந்த ஐந்துக்கும் நாம் விசாரிக்காமல் அனுப்பினால் வரம்பால் என்ன பயன்?

கேள்வி: புயல் நேரத்தில் மீனவர்களைப் பற்றிய செய்திகளைப் பகிர்வது உதவியா, உபத்திரவமா?
– வாசகர், தூத்தூர்

பதில்: அது எழுதும் விதத்தைப் பொறுத்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த நம் படகுகள் பல லட்சத்தீவு, மகாராஷ்டிரம், குஜராத் கரைகளில் ஒதுங்கின. உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாள்கணக்கில் காத்திருந்த குடும்பங்களுக்கு, கரை சேர்ந்தவரின் பெயரைத் தாங்கிய ஒரு செய்தி எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைக் கடற்கரையில் வாழும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகின் பெயர், பதிவு எண், கரை சேர்ந்த இடம், தேதி, நேரம், சொன்னவர் யார் என்பவை அதில் இருக்கட்டும். தேதியில்லாத பட்டியல் நான்கு நாள் கழித்தும் புதிய செய்திபோலச் சுற்றி வந்து, ஆறிய வீட்டில் மீண்டும் அழுகையைக் கிளப்பும். இறந்தவரின் படத்தை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் பொதுக்குழுவில் போடாதீர்கள். கணவர் இறந்த செய்தியை மனைவி கைப்பேசித் திரையில் கண்டு அறிவது கொடுமை. பங்குத்தந்தையோ ஊர்ப் பெரியவரோ உறவினரோ வீட்டுக்குப் போய்ச் சொல்லும்வரை காத்திருப்பதே மரியாதை.

கேள்வி: குழுவில் ஒருவர் மதவெறுப்புச் செய்தி போட்டால், நிர்வாகி என்பதால் என்மீதும் வழக்கு வருமா?
– வாசகர், தக்கலை

பதில்: உறுப்பினர் ஒருவர் இட்ட பதிவுக்காக, நிர்வாகி என்ற ஒரே காரணத்தால் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பதிவிட்டவரின் நிலை வேறு. சமூகங்களுக்கிடையே பகைமையைத் தூண்டுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நிர்வாகி அந்தச் செய்தியைத் தாமே பிறருக்கு அனுப்பினால் அவரும் அதற்குப் பொறுப்பாவார். எந்தச் செய்தியையும் எல்லாருடைய திரையிலிருந்தும் நீக்கும் வசதி நிர்வாகிக்கு உண்டு, தயங்காமல் பயன்படுத்துங்கள். இரவு நேரத்தில் சண்டை முற்றினால், நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டு, அதற்கான காரணத்தையும் குழுவில் எழுதுங்கள். மறுநாள் காலையில் எல்லாருக்கும் மறுபடி திறந்துவிட மறவாதீர்கள்.