தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியை வடசென்னையில் எங்கே சுடலாம்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் ஊரில் தாத்தா ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வாய் வழியாகக் கருமருந்தும் குண்டும் போட்டு இடித்து, கேப்பு (அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்துச் சுடுகிற வகை. அவர் காலத்துக்குப் பிறகு முறைப்படி என் பெயருக்கு உரிமம் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளாவது குறி வைத்து அதைச் சுட்டுப் பார்க்க ஆசை. எண்ணூர் கழிமுகம் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத இடம் நிறைய இருக்கிறது, அங்கே போகலாம் என்கிறார் மச்சான். வீட்டுக்குப் பக்கத்தில் சட்டப்படி சுட இடம் உண்டா?

பதில்: நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்து, தண்டையார்பேட்டையில் தொடங்கி மீஞ்சூர் வரைக்கும், கருமருந்துத் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பொதுமக்கள் சுடக்கூடிய திடல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. கொஞ்சம் நீளமான வழி, எழும்பூர் வரைக்கும் போகிற வழி.

மச்சான் சொல்லும் இடத்தை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். காலியாகக் கிடக்கிற இடம் எல்லாம் சுடுகிற இடம் ஆகாது. ஈயக் குண்டு பழைய காலத்துப் பொருள், ரொம்ப தூரம் போகாது என்று பலர் நினைக்கிறார்கள். குழலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் அது ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கும் போகக்கூடும். தட்டையான கோணத்தில் தண்ணீரில் பட்டால் உருண்டைக் குண்டு மூழ்காது. சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சல்லி விட்டிருப்பீர்களே, அதேபோலத் தத்திக்கொண்டு போகும். எண்ணூர் கழிமுகத்தில் இறால் தடவுகிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் இருப்பார்கள். கரையிலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. அப்புறம் அந்தப் பக்கத்தில் அனல்மின் நிலையம், துறைமுகம், எரிவாயு முனையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததும், மணலிக் கிடங்கில் பல ஆண்டுகளாகத் தேங்கியிருந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை அவசரமாக ஹைதராபாதுக்கு ஏற்றி அனுப்பினார்களே, நினைவிருக்கும். அப்படிப்பட்ட வட்டாரத்தில் ஒரு வெடிச்சத்தமும் வெள்ளைப் புகையும் எழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி பெற்றவர்கள், வேலி போட்ட தளம், இவை இருந்தும் தப்பு நடந்திருக்கிறது. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பக்கத்துப் பயிற்சித் தளத்தில் படையினர் சுடப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாளில் குழந்தை போய்விட்டது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, யார் வந்து "ஆள் இல்லாத இடம் இருக்கிறது சார்" என்று சொன்னாலும் எனக்கு அந்தப் பையனின் ஞாபகம்தான் வருகிறது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் பொது இடத்தில் துப்பாக்கியை நீட்டுவதையும் சுடுவதையும் தடை செய்கின்றன. ஆயுதச் சட்டத்துக்கு 2019-இல் வந்த திருத்தத்தின்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வருகிற விதத்தில் அலட்சியமாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் கையில் இருப்பது இதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. இன்னும் வடக்கே பழவேற்காடு போகலாம் என்று யாராவது சொன்னால், அது பறவைகள் சரணாலயம். வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே காலெடுத்து வைப்பதே குற்றம். சரணாலயத்தின் 10 கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருக்கும் உரிமதாரர்கள் வனத்துறையில் தனியாகப் பதிவு செய்யவேண்டும் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. பொன்னேரிப் பக்கம் உறவுக்காரர் வீட்டில் துப்பாக்கி இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இடம் தேடுவதற்கு முன்னால் உங்கள் உரிமப் புத்தகத்தைத் திறந்து இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, எந்த நோக்கத்துக்காக உரிமம் கொடுத்திருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, எந்த எல்லைக்குள் அது செல்லும் என்பது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு துப்பாக்கிகளை நோக்கத்தோடு சேர்த்தே பேசுகிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்பக்கம் வழவழப்பான துப்பாக்கி என்றால் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு. .22 ரைபிளும் ஏர் ரைபிளும் என்றால் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினர் குறி பழகுவதற்கு. அதாவது உங்கள் தாத்தாவின் துப்பாக்கியைச் சட்டம் வயலோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது. காட்டுப்பன்றியிடமிருந்து வேர்க்கடலையைக் காப்பாற்றக் கொடுத்த உரிமம், எழும்பூரில் காகித இலக்கைச் சுடச் செல்லாது. எல்லை "திருவண்ணாமலை மாவட்டம்" என்று மட்டும் இருந்தால், அந்தத் துப்பாக்கி சென்னைக்கு வந்திருப்பதே சிக்கல்.

ஆகவே முதல் வேலை ஒரு மனு. உரிமம் கொடுத்த அதிகாரிக்கு, உங்கள் விஷயத்தில் அநேகமாக மாவட்ட ஆட்சியருக்கு, எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பு மாறியதைத் தெரிவித்து, சென்னையை எல்லைக்குள் சேர்க்கச் சொல்லி, விளையாட்டு என்ற நோக்கத்தையும் சேர்க்க வேண்டும் என்று காரணத்தோடு கேட்க வேண்டும். தண்டையார்பேட்டைக்கு உரிம அதிகாரி வேப்பேரியில் இருக்கும் சென்னை மாநகரக் காவல் ஆணையர். அங்கேயும் தகவல் கொடுக்க வேண்டும். செங்குன்றம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆவடி ஆணையரகம். உங்கள் குழல் நிச்சயம் 20 அங்குலத்துக்கு மேல் இருக்கும், உள்ளே வழவழப்பாகவும் இருக்கும். விளையாட்டு நோக்கத்தைக் கேட்க அந்த வாசகமே இடம் கொடுக்கிறது என்பது என் கருத்து. கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு. ஒரு கிளப்பின் உறுப்பினர் அட்டையும், "இவர் எங்கள் திடலில் சுட எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்ற கடிதமும் மனுவோடு இருந்தால் அந்தக் கேள்வி கனமாகிவிடும்.

சரி, எந்தக் கிளப்? வடசென்னையிலிருந்து போக எளிதானது எழும்பூரில் இருக்கும் சென்னை ரைபிள் கிளப். தெற்கே வேளச்சேரியில் குருநானக் கல்லூரி வளாகத்தில் ஒரு சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது. இவை 10, 25, 50 மீட்டர் ஒலிம்பிக் பிரிவுகளை மனதில் வைத்து அமைத்தவை. நீங்கள் போய்க் கருமருந்து என்று சொன்னதும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு பேசினால் காரியம் ஆகும்.

நான் பல ஆண்டுகள் ஒரு திடலில் பாதுகாப்புப் பொறுப்பில் நின்றவன். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகப் போகாது, திடமான கரியாகவும் உப்பாகவும் மிஞ்சும். அந்த வெள்ளைப் புகை அதுதான். கூரை போட்ட திடலில் இரண்டு சுடு சுட்டால் பக்கத்து வரிசைக்காரருக்கு இலக்கே தெரியாது. குண்டோடு சேர்த்துத் திணிக்கும் துணியோ காகிதமோ கனன்றுகொண்டே வெளியே விழும். ஒரு மே மாதத்தில், அனுமதியோடு சுட வந்த ஒரு பெரியவரின் துப்பாக்கியிலிருந்து விழுந்த துணி காய்ந்த புல்லில் பற்றி, நாங்கள் மணல் வாளியோடு ஓட வேண்டியிருந்தது. யார் மேலும் தப்பில்லை. புல்லை முன்னாடியே நனைத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதோடு ஈயக் குண்டைத் தாங்கும் மண்மேடு வேண்டும். ஏர் ரைபிள் குண்டுக்குப் போட்ட தகடு இதற்கு ஆகாது.

ஆகவே போய்க் கேட்கும்போது "சுடலாமா" என்று கேட்காதீர்கள். திறந்தவெளி 50 மீட்டர் வரிசை உண்டா, பின்னால் மண்மேடு எவ்வளவு உயரம், வேறு யாரும் சுடாத ஒரு மணி நேரத்தை எனக்கு ஒதுக்க முடியுமா, திடலின் உரிமம் இந்த வகைத் துப்பாக்கியை அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், ஏனென்றால் திடலுக்கும் தனியாக உரிமம் உண்டு. இப்படிக் கேட்கிற ஆளை எந்தப் பொறுப்பாளரும் மதிப்பார். முதலில் உறுப்பினராகச் சேர்ந்து சில மாதம் ஏர் ரைபிள் பழகுங்கள் என்பதுதான் என் விருப்பம். விசையை அமுக்கிய பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கம் அங்கே வரும். நாட்டுத் துப்பாக்கியில் கேப்பு வெடித்து, மருந்து பற்றி, குண்டு கிளம்ப ஒரு கணம் தாமதம் உண்டு. அந்தக் கணத்தில் அசையாதவர்தான் இலக்கில் அடிப்பார்.

இதற்கென்றே உலக அளவில் போட்டி நடக்கிறது. வாய்வழித் துப்பாக்கிச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1971-இல் தொடங்கியது. திரித் துப்பாக்கிக்குத் தனியாக, சிக்கிமுக்கித் துப்பாக்கிக்குத் தனியாக 25, 50, 100 மீட்டர்களில் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரில் குடகுக்குப் போய்வாருங்கள். கைல்பொள்து பண்டிகையில் துப்பாக்கியைப் பூப்போட்டு வணங்கி, உயரத்தில் கட்டிய தேங்காயைச் சுடுவார்கள். குடவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு, 2029 வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் துப்பாக்கியை அங்கே எடுத்துப் போகாதீர்கள்.

திடல் கிடைத்தாலும் உடனே சுடக்கூடாது. பரணில் பல ஆண்டு கிடந்த நாட்டுத் துப்பாக்கிக்குள் மருந்து அப்படியே இருப்பது சகஜம். பன்றிக்காகக் கெட்டித்து வைத்திருப்பார்கள், பன்றி வந்திருக்காது. கேப்பு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, குழல் வாய்க்கு நேராக முகமும் கையும் வராமல், இடிகம்பியை உள்ளே மெதுவாக விடுங்கள். கம்பி நின்றதும் குழல் வாய்க்கு நேராக அதில் அடையாளம் போட்டு வெளியே எடுத்து, அந்த அடையாளம் குழல் வாயில் வருகிற மாதிரி குழலின் மேல் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். கம்பியின் முனை கேப்பு வைக்கும் முலை வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நீங்களே தோண்டாதீர்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் இருக்கும் பழுதுபார்ப்பவரிடம் சொல்லுங்கள். காலியாக இருந்தாலும் அவரிடம் ஒருமுறை காட்டத்தான் வேண்டும். குழலின் அடிப்பகுதி உள்ளுக்குள் துருவேறி மெலிந்திருந்தால் வெளியே தெரியாது. அவர் "இது சுவரில் மாட்டத்தான் லாயக்கு" என்று சொன்னால் அதைக் கேளுங்கள். சுவரில் மாட்டினாலும் உரிமம் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்குத்தான் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது.

மருந்து விஷயத்தில் ஒரே வார்த்தை: உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கிற அளவுக்கு, உரிமம் உள்ள கடையில், ரசீதோடு. பட்டாசைப் பிரித்த மருந்து, கல்குவாரியிலிருந்து யாரோ தருகிற மருந்து, தோட்டாவிலிருந்து கொட்டிய புகையில்லா மருந்து, மூன்றுமே குழலை உங்கள் முகத்துக்கு நேராக வெடிக்க வைக்கும். வீட்டில் இடிக்கிற யோசனையே வேண்டாம். புளியந்தோப்பில் பவுடர் மில் சாலை என்று ஒரு பெயர் இன்றும் இருக்கிறதே, கம்பெனிக் காலத்து வெடிமருந்து ஆலையின் ஞாபகம் அது. அந்த வேலையை அப்போதே தனியாக ஓர் ஆலைக்குள்தான் வைத்திருந்தார்கள். தண்டையார்பேட்டையில் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகளில் அதைச் செய்வது அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்கிற துரோகம்.

கொண்டுபோகும்போது துப்பாக்கி காலியாக, உறைக்குள் இருக்க வேண்டும். மெட்ரோவும் மின்சார ரயிலும் வேண்டாம், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ நல்லது. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த மாதங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள்.

திடலில் மருந்து டப்பாவிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு தணல் மிச்சமிருந்தால் டப்பா முழுவதும் பற்றும். ஒவ்வொரு தடவையும் சின்ன அளவுக்குப்பியில் எடுத்து, டப்பாவை மூடிப் பின்னால் வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால் குழல் பிளக்கும். வெடிக்காமல் போனால் ஒரு நிமிடம் இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். கண்ணாடியும் காது மூடியும் உங்களுக்கு மட்டுமல்ல, கூட வருகிற மச்சானுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவதற்கு முன்னால் துப்பாக்கியைக் கழுவுங்கள். கருமருந்தின் மிச்சம் ஈரத்தை இழுக்கும். உங்கள் தெருவில் கடற்காற்று வேறு, ஒரே இரவில் துரு பிடிக்கும். வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் போதும். கம்பியில் துணி சுற்றி, கறுப்பு நிற்கிற வரை தேய்த்து, நன்றாக உலர்த்தி, மெல்லிசாகத் துப்பாக்கி எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகிவிடும். மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால் வெந்நீரிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.