டி-சர்ட்டில் ஏறிய காவடிப் படம்: உரிமை யாருக்கு?

கேள்வி: வணக்கம் வக்கீல் அம்மா. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். லைனோ என்ற மெத்தென்ற பலகையில் படம் செதுக்கி, கையால் அச்செடுத்து விற்பதுதான் என் பிழைப்பு. எங்கள் பகுதிக் கோயில் குழு, நூற்றாண்டு விழாவுக்காக என்னிடம் இரண்டு படங்கள் வாங்கியது. ஒன்று காவடி எடுக்கும் பெண்ணின் படம். அதை என் சொந்தத் தொடருக்காக முந்தின வருடமே செதுக்கி வைத்திருந்தேன். குழு அதில் நான்கு பிரதிகளை விலைக்கு வாங்கியது. மற்றொன்று கோபுரப் படம். அதை அவர்கள் கேட்டுத்தான் செதுக்கினேன், 9,000 ரேண்ட் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப்தான். செயலாளர் அங்கிள் “காவடிப் படத்தை விழா அழைப்பிதழில் போட்டுக்கொள்ளலாமா?” என்று கேட்டார். “சரி அங்கிள்” என்று போட்டுக் கட்டைவிரலும் காட்டினேன். இப்போது இரண்டு படங்களும் டி-சர்ட்டிலும் மக்கிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. கோபுரத்துக்குப் பச்சையும் ரோஸும் அடித்து, கீழே இருந்த என் பெயரை வெட்டிவிட்டார்கள். போதாததற்கு, “காசு கொடுத்தது நாங்கள், செதுக்கிய பலகையையும் கொடுத்துவிடு” என்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

இன்னொன்று. நகரத்தில் ஒரு கடையில் 12 பிரதிகளை விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று 1,800 ரேண்ட், கடைக்கு 40 சதவீதம் கமிஷன். ஏழு விற்றுவிட்டது, பணம் வரவில்லை. கடை வாடகை பாக்கி வைத்திருக்கிறது, மூடப்போகிறார்கள் என்றும் கேள்வி. வருமான வரி பற்றியும், வரப்போகிற புதுச் சட்டம் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: கடை விஷயத்தை முதலில் சொல்கிறேன். கோயில் குழு எங்கேயும் ஓடிவிடாது, கடை ஓடிவிடும்.

விற்காமல் இருக்கும் ஐந்து பிரதிகளும் இன்னும் உங்கள் சொத்துதான். விற்றுத்தரக் கொடுத்த பொருள், வாங்குபவர் கைக்குப் போகும்வரை கடைக்காரருக்குச் சொந்தமாகாது. ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் கலைஞர்கள் பலருக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. வாடகை பாக்கி இருந்தால், கடைக்குள் இருக்கும் பொருள்கள்மேல் கட்டட உரிமையாளருக்கு ஒரு பிடிமானம் உண்டு. நீதிமன்ற உத்தரவு வாங்கி அவற்றை ஜப்தி செய்யலாம். உங்கள் சம்மதத்தோடு அங்கே நிரந்தரமாக மாட்டியிருக்கும் படங்கள் வேறொருவருடையவை என்று அவருக்குத் தெரியாவிட்டால், அவையும் அந்த வலையில் சிக்கக்கூடும். ஆகவே நாளைக்கே போய் ஐந்தையும் எடுத்து வந்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால், இன்ன படம், இன்ன எண், இது என்னுடையது என்று கட்டட உரிமையாளருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஜப்திக்கு முன் அவருக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் நிலை பலமாகிவிடும்.

விற்ற ஏழுக்கு மொத்தம் 12,600 ரேண்ட். கமிஷன் 5,040 போக, உங்களுக்கு வரவேண்டியது 7,560. சிறு கோரிக்கை நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ரேண்ட் என்பதால் இது தாராளமாக அங்கே அடங்கும். கடை ஒரு கம்பெனியாக இருந்தாலும் அதன்மேல் நீங்கள் அங்கே வழக்குப் போடலாம். கம்பெனிதான் அங்கே யார்மேலும் போட முடியாது. முதலில் தொகையையும் காரணத்தையும் எழுதி ஒரு கோரிக்கைக் கடிதம். அதை நேரில் கொடுங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிடைத்த நாளிலிருந்து 14 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, கடை இருக்கும் பகுதியின் நீதிமன்ற எழுத்தரிடம் போனால் சம்மன் தயாரிக்க அவரே உதவுவார். அங்கே வக்கீல் யாரும் வாதாட முடியாது. என்னையும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் உங்களுக்கு வக்கீல் செலவும் இல்லை. பொருள் கொடுத்தபோது கடைக்காரர் கையெழுத்திட்ட சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால் விற்றதாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். கடன் காலாவதியாக மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். கம்பெனி திவாலானால் ஐந்து படங்களை உங்களுடையவை என்று கேட்டு வாங்கலாம், விற்ற காசுக்கு மற்ற கடன்காரர்களோடு வரிசையில்தான் நிற்கவேண்டி வரும்.

இனி கோயில் விஷயம். இரண்டு படங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சட்டத்தின் பார்வையில் அவை இரண்டும் வேறு வேறு.

காவடிப் படத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டப்படி, காப்பிரைட் என்று நாம் சொல்லும் பதிப்புரிமை படைத்தவருக்குத் தானாகவே வந்துவிடும். படத்தை எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குமேல் 50 வருடமும் அது நிற்கும். குழு வாங்கியது நான்கு தாள்களை. தாளை வாங்கியவர் சுவரில் மாட்டலாம், மறுபடி விற்கலாம், படத்தை மறுபடி அச்சடிக்க முடியாது. பதிப்புரிமையையே கைமாற்றுவதென்றால், கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். வாட்ஸ்அப் கட்டைவிரல் அந்தக் கையெழுத்து ஆகாது. சட்டமே கையெழுத்துக் கேட்கும் இடத்தில், 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் சாதாரண மின் கையொப்பத்தையே ஏற்பதில்லை; சான்றளிக்கப்பட்ட உயர்நிலைக் கையொப்பம் கேட்கிறது.

ஆனால் அந்தக் கட்டைவிரலுக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உரிமையைக் கைமாற்றாமல் வெறுமனே பயன்படுத்த அனுமதிப்பதை வாய்வார்த்தையாகவும் செய்யலாம், நடந்துகொண்ட விதத்திலிருந்துகூட ஊகிக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது. நல்லவேளை, அங்கிள் கேட்டது “அழைப்பிதழில்” என்று. டி-சர்ட் என்ற பேச்சே அங்கே இல்லை. “விழாவுக்கு” என்று பொதுவாகக் கேட்டிருந்தால், டி-சர்ட்டும் விழாவுக்குத்தானே என்று அவர்கள் வக்கீல் வாதம் பண்ணியிருப்பார். அந்தத் திரையை முழுசாகப் படமெடுத்து வையுங்கள். ஒப்பந்தம் என்று இல்லாமல் சும்மா கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும் உங்கள் பக்கம்.

கோபுரப் படத்தில் நீங்கள் எதிர்பார்க்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொதுவாக, ஒருவர் காசு கொடுத்து ஓவியம் வரையச் சொன்னாலும் பதிப்புரிமை ஓவியரிடமே நிற்கும். இதற்குச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சில விதிவிலக்குகள் வைத்திருக்கிறது: புகைப்படம், ஒருவரின் உருவப்படம், திரைப்படம், ஒலிப்பதிவு, இவற்றோடு ‘கிராவூர்’, அதாவது பொதுவாகச் செதுக்கிய தகட்டிலிருந்து எடுக்கும் அச்சு. இவற்றை ஆர்டர் கொடுத்துப் பணமும் தருபவருக்கே பதிப்புரிமை போய்விடும். லைனோ அச்சு கிராவூருக்குள் வருமா? அந்தச் சொல்லுக்குச் சட்டம் விளக்கம் தரவில்லை. ஆனால் செதுக்குப் படம் என்ற வகைக்கு விளக்கம் தரும் இடத்தில் எச்சிங், லித்தோகிராஃப், மரக்கட்டை அச்சு எல்லாவற்றையும் உள்ளே சேர்க்கிறது. கிராவூரும் செதுக்குப் படமும் ஒன்றுதான் என்று வாதிட அவர்களுக்கு இடம் இருக்கிறது, வேறு என்று வாதிட நமக்கும் இடம் இருக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால், கோபுரத்தின் பதிப்புரிமை குழுவிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவேன். ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற ஊரின் கலை மையத்திலிருந்து வந்த லைனோ அச்சுகளால் பெயர் வாங்கிய மாகாணம் நம்முடையது. இங்கே அச்சுக் கலைஞருக்கு ஓவியரைவிடக் குறைந்த பாதுகாப்பு என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அப்படியே வைத்துக்கொண்டாலும் இரண்டு விஷயம் உங்களிடமே இருக்கிறது. ஒன்று, 20ஆம் பிரிவு. பதிப்புரிமை கைமாறிய பிறகும் இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு; தன் பெயருக்கோ மரியாதைக்கோ கேடு வரும்படி படத்தை மாற்றினால் தடுக்கும் உரிமையும் உண்டு. பெயரை வெட்டியது நேராக அதில் விழுகிறது. பச்சையும் ரோஸும் உங்கள் மரியாதையைக் குலைத்ததா என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும், அது கொஞ்சம் கஷ்டம்.

மற்றொன்று, பலகை. அது உங்கள் காசில் வாங்கிய லைனோ, உங்கள் உளி பட்ட பொருள். படத்தின் பதிப்புரிமை வேறு, பலகை என்ற பொருளின் உடைமை வேறு. பலகையையும் சேர்த்து விற்பதாகப் பேசவில்லையென்றால் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உரிமை யாருக்கு என்று முடிவாகும்வரை கோபுரப் பலகையில் மை தடவாதீர்கள். பதிப்புரிமை அவர்களுடையது என்றானால், உங்கள் பலகையிலிருந்து நீங்கள் எடுக்கும் அடுத்த பிரதியே அவர்கள் உரிமையை மீறியதாகிவிடும். கோபத்தில் குறுக்கே கீறியும் வைக்காதீர்கள், பேரத்துக்கு அது வேண்டும்.

பேரம் என்றா சொன்னேன்? ஆமாம், உயர் நீதிமன்றம் என்று சொல்லவில்லை. விற்பனையை நிறுத்தும் தடை உத்தரவைச் சிறு கோரிக்கை நீதிமன்றம் தர முடியாது. மேலே ஏறினால் ஆகும் செலவு, டி-சர்ட் விற்று வந்த மொத்தக் காசைவிட அதிகமாகிவிடும். அடுத்த தைப்பூசத்துக்கும் நீங்கள் அந்தக் கோயிலுக்குத்தானே போகப்போகிறீர்கள்? குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். காவடிப் படம் போட்ட டி-சர்ட்டும் மக்கும் இதுவரை எத்தனை விற்றன என்ற கணக்கைக் கேளுங்கள். நஷ்டஈட்டுக்குப் பதிலாக நியாயமான ராயல்டி கேட்க 24ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்புறம் ஒரு மாற்று யோசனையை முன்வையுங்கள்: கையிருப்பில் இருக்கும் காவடி டி-சர்ட்டுகளை விற்றுத் தீர்க்க நீங்கள் எழுத்தில் அனுமதி தருவீர்கள், பதிலுக்கு அவர்கள் கோபுரத்தின் பதிப்புரிமையைக் கையெழுத்திட்டு உங்களுக்கே எழுதித் தரவேண்டும், இனி அச்சிடும் எல்லாவற்றிலும் உங்கள் பெயர் வரவேண்டும். கோயில் குழுவுக்கு டி-சர்ட்டுகள் குப்பைக்குப் போகாமல் இருந்தால் போதும். உங்களுக்கு அந்தப் பலகை இன்னும் பல வருடம் சோறு போடும்.

அடுத்த ஆர்டரிலிருந்து, முன்பணம் வாங்கும்போதே கீழே உள்ளதைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். 21ஆம் பிரிவின் விதிவிலக்கை ஒப்பந்தத்தால் விலக்கிவைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

“இந்த அச்சுப் படத்தின் பதிப்புரிமையும் செதுக்கிய பலகையும் கலைஞருக்கே சொந்தம். 21ஆம் பிரிவின் 1(இ) உட்பிரிவு, அதாவது ஆர்டர் கொடுத்தவருக்கு உரிமை தரும் விதி, இதற்குப் பொருந்தாது. வாங்குபவர் இதை விழா மலரிலும் அழைப்பிதழிலும் மட்டும் கலைஞரின் பெயரோடு வெளியிடலாம். வேறு எந்தப் பொருளில் அச்சிடவும் தனி ஒப்பந்தமும் தனித் தொகையும் தேவை.”

ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த உட்பிரிவு மூன்றாவது ஆங்கில எழுத்தில் வரும், பார்த்துப் போடுங்கள்.

வரி பற்றிச் சுருக்கமாக. சொந்தத் தொழில் வருமானம் என்பதால் நீங்கள் முன்கூட்டி வரி கட்டுபவர் வகையில் வருவீர்கள். வரி ஆண்டு மார்ச் 1இல் தொடங்குகிறது. உத்தேசக் கணக்கு ஆகஸ்ட் கடைசியில் ஒன்று, பிப்ரவரி கடைசியில் ஒன்று. லைனோ, மை, தாள், சந்தைக் கடை வாடகை, கடைக்காரர் பிடித்த கமிஷன் எல்லாம் செலவில் கழியும், ரசீது இருந்தால். கோயில் குழு தந்த 9,000மும் வருமானம்தான்.

புதுச் சட்டம் என்று நீங்கள் சொல்வது பதிப்புரிமைத் திருத்த மசோதா. படம் மறுபடி விற்கும்போது கலைஞருக்குப் பங்கு தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது, அதே வருடம் குடியரசுத் தலைவர் அதை அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்தப் பங்கை வரவில் எழுதிவைத்துக் குடும்பம் நடத்த வேண்டாம். உங்கள் இரண்டு படங்களும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே பேசப்படும், கடிதத்தையும் அதை வைத்தே எழுதுங்கள்.