கோட்டைக்காரனின் வாக்குமூலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நண்பர்கள் நால்வர். ஈராண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் மேஜையைச் சுற்றி அமர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். சென்ற ஆண்டு முழுக்க ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ சாகசத்தை ஆடி முடித்தோம். அந்த வேகத்தில், அதே ஸ்ட்ராடைப் பற்றி பி. என். எல்ராட் எழுதிய ‘ஐ, ஸ்ட்ராட்’ நாவலை நால்வரும் வாசித்தோம். வாசித்து முடித்ததும் சண்டை தொடங்கியது. ‘டிராகுலாவை நகலெடுத்து விளையாட்டுக் கம்பெனி விற்ற சரக்கு, பக்கத்துக்குப் பக்கம் பகடைச் சத்தம் கேட்கிறது’ என்றான் ஒருவன். ‘மேஜையில் வந்த பயத்தில் கால்பங்குகூட இல்லை’ என்றான் மற்றவன். ‘தம்பியைக் கொன்றவனைக் காதலில் தோற்றவனாகக் காட்டி இரக்கம் தேடித் தருகிறார்கள், டாட்யானா வெறும் பெயர்’ என்றாள் எங்கள் தோழி. எனக்கு நாவல் பிடித்திருந்தது. ஏன் என்று அவர்களிடம் சொல்லத் தெரியவில்லை. விளையாட்டிலிருந்து பிறந்த நாவலை எதை வைத்து மதிப்பிடுவது?

கே.

அன்புள்ள கே.,

இந்த உலகத்துக்குள் இதுவரை நுழையாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்திச் செல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து ஆடுவார்கள், செய்வது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். டி.எஸ்.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் 1983இல் அந்த ஆட்டத்துக்காக ‘ரேவன்லாஃப்ட்’ என்ற சாகசப் புத்தகத்தை வெளியிட்டது. நீங்கள் ஆடிய ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ அதன் பிற்கால விரிவாக்கம். எழுதியவர்கள் ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியினர். அதற்கு முன்பு, நிலவறைகளில் அலைந்து அரக்கர்களைக் கொல்லும் ஓர் ஆட்டத்தில் ட்ரேசி, செத்தும் சாகாமல் இரத்தம் குடித்து வாழும் ஒரு வாம்பயரை எதிர்கொண்டிருக்கிறார். மற்ற அரக்கர்களைப் போலவே அதுவும் ஏதோ ஓர் அறையில் காரணமின்றி நின்றுகொண்டிருந்தது. இவன் யார், இங்கே இவனுக்கு என்ன வேலை என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்குப் பதிலாகப் பிறந்தவன்தான் பரோவியா நாட்டுக் கோட்டையின் தலைவனான ஸ்ட்ராட் வான் சரோவிச். வெளியிடுவதற்கு முன் சில ஆண்டுகள் ஹாலோவீன் இரவுகளில் நண்பர்களோடு அதை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். (வாம்பயருக்குக் காட்டேரி என்று எழுதலாமே என்று சிலர் கேட்பதுண்டு. காட்டேரிக்கு நம் ஊர்களில் படையல் உண்டு, நேர்த்திக்கடன் உண்டு. கோட்டையில் தனியாக அமர்ந்து ஆர்கன் வாசிக்கும் பிரபுவுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.)

உங்கள் முதல் நண்பரின் நகல் குற்றச்சாட்டைப் பாதி ஒப்புக்கொள்ளலாம். மேலங்கி, ஓநாய்கள், மலைக்கோட்டை, அஞ்சி நடுங்கும் கிராமம் எல்லாம் ‘டிராகுலா’வை எழுதிய பிராம் ஸ்டோக்கரிடமிருந்தும் அவரைப் படமாக்கியவர்களிடமிருந்தும் வந்தவை. ஆனால் கதையின் எலும்புக்கூடு டிராகுலாவைவிட மிகப் பழையது. தம்பி செர்கெய் மணக்கவிருக்கும் டாட்யானா மீது ஸ்ட்ராட் ஆசைகொண்டு, மரணத்தோடு உடன்படிக்கை செய்து, திருமண நாளன்றே தம்பியைக் கொல்கிறான். அவளோ அவனுக்குத் தப்பிக் கோட்டைச் சுவரிலிருந்து குதித்துவிடுகிறாள். இதை, பழைய கோட்டைகளும் திகிலும் நிறைந்த காதிக் நாவல் மரபின் முதல் படைப்பாகச் சொல்லப்படும், ஹொரேஸ் வால்போல் எழுதிய 1764ஆம் ஆண்டின் ‘தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ’வோடு வைத்துப் பாருங்கள். அங்கே திருமண நாளில் மகன் சாகிறான். அவன் மணக்கவிருந்த இசபெல்லாவைத் தகப்பன் மான்ஃப்ரெட் தானே மணக்கத் துரத்துகிறான். மூத்தவன் கையில் கோட்டை இருக்கிறது, இளையவன் கையில் வாழ்க்கை இருக்கிறது, மூத்தவனுக்கு இரண்டும் வேண்டும். இந்த மரபு வால்போல் தொடங்கிய நாளிலிருந்தே இந்தப் பொறாமையின் மேல்தான் நிற்கிறது. ஹிக்மன் தம்பதியினர் அதைத் தெரிந்து எடுத்தார்களா, தானாக வந்து அமைந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. சரியான எலும்பில் கைவைத்திருக்கிறார்கள்.

எல்ராட் 1993இல் செய்த காரியம் இதற்கும் மேலே போகிறது. 1897இல் வந்த ‘டிராகுலா’ முழுக்க நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆனது. ஹார்க்கர் எழுதுகிறார், மீனா எழுதுகிறார், மருத்துவர் எழுதுகிறார். ஓரிரு கடிதங்கள் நீங்கலாக, எழுதாதவர் அந்தப் பிரபு ஒருவர்தான். எல்லோரும் சேர்ந்து அவரைப் பற்றிக் கோப்பு தயாரிக்கிறார்கள். ‘ஐ, ஸ்ட்ராட்’ நாவலில் வாம்பயர் வேட்டையரான வான் ரிக்டன் கோட்டைக்குள் நுழைந்து, நூலகத்தில் ஒரு ஏட்டைக் கண்டெடுத்துப் படிக்க ஆரம்பிக்கிறார். அதில் எழுதியிருப்பவன் ஸ்ட்ராட் மட்டும்தான். வேட்டைக்காரர் வாசகராகிறார், வேட்டையாடப்பட வேண்டியவன் எழுத்தாளனாகிறான். வாம்பயர் தன் கதையைத் தானே சொல்வது அப்போதே புதிதல்ல. எல்ராடே அதற்கு முன்னர் சிகாகோவில் துப்பறியும் ஒரு வாம்பயரைத் தன்மையில் பேச வைத்தவர். இங்கே புதிதாக இருப்பது, டிராகுலாவின் வடிவத்தையே உள்வெளியாகப் புரட்டிப் போட்டது. நகலெடுப்பவர் அதைச் செய்யமாட்டார்.

பகடைச் சத்தம் என்று உங்கள் முதல் நண்பர் சொல்வதைச் சில இடங்களில் நானும் கேட்டேன். ஸ்ட்ராட் மந்திர ஏடுகளைப் புரட்டிப் பயிலும் பகுதிகளில் விளையாட்டின் விதிப்புத்தகம் பின்னால் நிற்பது தெரிகிறது. ஆனால் விளையாட்டுக்கும் நாவலுக்கும் உள்ள உண்மையான சிக்கல் அங்கே இல்லை. 32 பக்கமே கொண்ட அந்த 1983ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கதைக்கு உறுதியான வடிவம் கிடையாது. சீட்டுக்கட்டை வைத்துக் குறிசொல்லும் மேடம் ஈவா எந்தச் சீட்டை எடுக்கிறாளோ அதைப் பொறுத்து, ஸ்ட்ராடை வீழ்த்த உதவும் பொருள்கள் கிடைக்கும் இடமும் மாறும், அவனுடைய நோக்கமேகூட மாறும். ஒரு மேஜையில் அவன் நாடுவது வேறு, அடுத்த மேஜையில் நாடுவது வேறு. அப்படிப்பட்ட ஒருவனை ஒரே மனமும் ஒரே கடந்தகாலமும் உள்ளவனாக நாவலுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

எல்ராடுக்குக் கைகொடுத்தது அந்தப் புத்தகத்திலேயே இருக்கும் ஒரு சிறு துண்டு. கோட்டைக்குள் ஆட்டக்காரர்கள் தேடும் பொருள்களில் ஒன்று ஸ்ட்ராட் எழுதிய ஏடு. அதில் சில பத்திகளே உண்டு. சீட்டு எப்படி விழுந்தாலும் மாறாத ஒன்று அந்தப் பத்திகளில் சொல்லப்பட்ட இறந்தகாலம். போரிலேயே இளமை கழிந்தது, தம்பி வந்தது, அவள் தன்னை ‘மூத்தவர்’ என்றும் ‘அண்ணன்’ என்றும் அழைத்தது ஆகியவற்றை அவன் அங்கே எழுதி வைத்திருக்கிறான். நம் மொழியில் மரியாதையாக ஒலிக்கும் அந்தச் சொல் அவனுக்கு எப்படி இறங்கியிருக்கிறது பாருங்கள். விளையாட்டு அசைக்காத அந்த ஒரு பகுதியை எடுத்து முழு நாவலாக விரித்ததுதான் எல்ராடின் தேர்வு. விளையாட்டு நாவல்களில் பெரும்பாலானவை யாரோ ஆடிய ஆட்டத்தைத் திரும்பச் சொல்லி அலுப்பூட்டும். இது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்துமுடிந்ததைச் சொல்கிறது.

இனி பயம். உங்கள் இரண்டாம் நண்பர் சொல்வது உண்மை. அவர் எதிர்பார்த்த இடம்தான் தவறு. என் தங்கை மகன் ஆட்டம் நடத்தும்போது ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். உணவுக்கூடத்தில் முதுகைக் காட்டி அமர்ந்து ஆர்கன் வாசிக்கும் உருவத்தை ஆட்டக்காரர்கள் முதன்முதலில் காணும் கட்டம். கல்லூரிப் பையன்கள் நால்வரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒருவன் தன் பாத்திரத்துக்கு இன்னும் எவ்வளவு உயிர்ப்புள்ளிகள் மிச்சம் என்று தாளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டான். அந்தப் பயம், அடுத்து என்ன ஆகும் என்று நடத்துபவனுக்கே முழுதாகத் தெரியாததால் வருவது. நாவலில் செர்கெய் சாகப்போகிறான் என்பது உங்கள் நால்வருக்கும் முதல் பக்கத்திலேயே தெரியும். எனவே எல்ராட் பயத்தைக் குரலில் வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்ற அலெக் க்விலிமைத் தன் கையாலேயே கொன்ற பகுதியை மறுபடி படியுங்கள். அங்கே வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தம், போரில் நல்ல குதிரையை இழந்த தளபதியின் வருத்தம். வாசிக்கையில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, எதிரில் எந்த உருவமும் எழுந்து வராமலே.

தோழியின் குற்றச்சாட்டுத்தான் மூன்றிலும் கனமானது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. இரக்கம் தேடித் தருவது யார், ஆசிரியரா ஸ்ட்ராடா என்று முதலில் கேட்க வேண்டும். இந்த ஏட்டை நான் வாக்குமூலமாக வாசித்தேன். கொலையை அவன் மறைக்கவில்லை. அதற்குக் காரணம் சொல்கிறான், காரணம் சொல்லும்போது மிகவும் நியாயமானவனாகத் தெரிகிறான், அவனுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் டாட்யானா தன்னைக் கண்டு ஏன் ஓடினாள் என்ற கேள்வி அவனுக்கு ஒருமுறைகூட எழுவதில்லை. பின்னர் பெரெஸ் ஊரில் மரீனாவாக அவள் மறுபடி பிறந்து வரும்போதும், அவளை அவனிடமிருந்து மீட்பதாக நினைத்து ஊர்க்காரர்களே கொன்றுவிட்டபோதும், அநீதி தனக்கு இழைக்கப்பட்டதாகத்தான் அவன் எழுதுகிறான். இந்தக் குருட்டுத்தனத்தை நான் கண்டுபிடிக்கும்படி எழுதியவர் எல்ராட். ஆகவே ஆசிரியர் அவனுக்காக வாதாடுகிறார் என்பதை ஏற்கமாட்டேன்.

டாட்யானா வெறும் பெயர் என்பதை ஏற்கிறேன். அவன் கண்ணுக்கு அவள் அவ்வளவுதான் தெரிவாள் என்று சொல்லித் தப்பிக்கலாம். அது அரைப் பதில். தன்மையில் எழுதப்பட்ட நல்ல நாவலில், சொல்பவன் கவனிக்காத ஒரு வாக்கியத்தை, ஒரு சிரிப்பை, கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் ஓர் அசைவை ஆசிரியர் அவன் கண்ணுக்கு மறைத்து நமக்குக் கடத்திவிடுவார். அப்படிக் கடத்தப்பட்டவை டாட்யானா விஷயத்தில் மிகக் குறைவு. இந்த ஓர் இடத்தில் விளையாட்டு நாவலை முந்திவிடுகிறது. விளையாட்டில் டாட்யானாவின் முகத்தோடு வரும் இரீனா கோல்யானா என்ற பெண்ணை மேஜையில் யாராவது ஒருவர் வாய்திறந்து பேச வைத்தே ஆகவேண்டும். ஆட்டக்காரர்கள் அவளிடம் நேராகவே கேட்டுவிடுவார்கள், உனக்கு என்ன வேண்டும் என்று. நீங்கள் ஆடியபோது உங்கள் தோழி அவளிடம் அப்படி ஏதோ கேட்டு, அதற்கு ஒரு பதிலும் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அதன்பின் இந்த நாவலின் மௌனம் அவருக்கு உறுத்தியதில் வியப்பில்லை.

பிற்பகுதி தளர்வானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலியாணத்தன்று துரோகம் செய்த லியோ டிலிஸ்ன்யாவை ஸ்ட்ராட் தேடிப் பழிவாங்கப் புறப்பட்டதும் நாவல் தனித்தனி நிகழ்ச்சிகளாகச் சிதறுகிறது. தொடர் நாவல்களுக்கு உரிய வியாதி இது, இங்கும் தொற்றியிருக்கிறது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ரேவன்லாஃப்ட் நாவல் வரிசையின் முதல் நாவலான ‘வாம்பயர் ஆஃப் தி மிஸ்ட்ஸ்’ 1991இல் வந்தது. கிறிஸ்டி கோல்டனின் முதல் நாவலும் அதுவே. ஜாண்டர் சன்ஸ்டார் என்ற, எல்ஃப் எனும் கற்பனை இனத்து வாம்பயர், தான் நேசித்த ஒரு பெண்ணை இழந்த துயரத்தோடு மூடுபனி வழியாகப் பரோவியாவுக்கு வந்து, ஸ்ட்ராடின் விருந்தாளியாகத் தங்குகிறான். நடை எல்ராட் அளவுக்குக் கச்சிதமானதல்ல, தற்செயல்கள் மிகுதி. ஆனால் அங்கே ஸ்ட்ராடை நாம் எதிர் நாற்காலியிலிருந்து பார்க்கிறோம். ஏட்டில் அவன் தன்னைப் பற்றி எழுதியதில் எதை எல்லாம் விட்டுவிட்டான் என்பதை இந்த விருந்தாளியின் கண் காட்டிக்கொடுக்கிறது. உங்களுக்கு முன் தோழியிடம் கொடுத்துவிடுங்கள்.