எண்களில் இல்லாத தகுதி

கேள்வி: வெனிசுவேலாவின் லூயிஸ் சோஹோ அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 13 பருவங்கள் ஆடி அடித்த ஹோம் ரன்கள் (பந்தைக் களத்துக்கு வெளியே அடித்துப் பெறுபவை) வெறும் 36, மட்டை சராசரி 0.261. அவரை நியூயார்க் யாங்கீஸ் பயிற்சியாளராக்கியதும், அவர் நாடு தேசிய அணியையே ஒப்படைத்ததும் வேண்டியவர் என்பதால்தானே?

பதில்: எண்கள் சரி; அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த முடிவுதான் சரியில்லை. 2004, 2005 பருவங்களில் சோஹோ பார்த்தது மூன்றாம் பேஸ் பயிற்சியாளர் வேலை. (ரன் எடுக்க ஓடுபவர் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, கடைசியில் ஹோம் பிளேட்டைத் தொட வேண்டும்.) அது மட்டை வீசக் கற்றுத்தரும் வேலை அன்று. இரண்டாம் பேஸிலிருந்து ஓடி வருபவருக்குப் பந்து முதுகுப்பக்கம் இருப்பதால், அவருக்குக் கண்ணாக நிற்பவர் இவர்தான். பந்தைப் பொறுக்குகிற எதிரணி வீரரின் கை எவ்வளவு வலியது, இடையில் வாங்கி எறிய வேண்டியவர் தம் இடத்துக்கு வந்துவிட்டாரா என்பதையெல்லாம் ஒரு நொடியில் கணித்து, கையைச் சுழற்றி ஓடச் சொல்லவோ, இரு உள்ளங்கைகளையும் உயர்த்தி நிறுத்தவோ வேண்டும்.

இரண்டாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவிலுள்ள இடம்), மூன்றாம் பேஸ் என எங்கே ஆள் குறைந்தாலும் இறங்கிய சோஹோவுக்கு, பந்தை இடையில் வாங்கி எறியும் அந்த வீரரின் வேலை உள்ளங்கை நெல்லிக்கனி. அவர் பெயர் நிலைத்த இரண்டு அடிகளும், வியப்பாக, எறிதலில் முடிவானவையே. 1995 அக்டோபர் 2 அன்று சியாட்டிலில், அப்போது அவர் ஆடிய சியாட்டில் அணிக்கும் ஏஞ்சல்ஸ் அணிக்கும் நடந்த ஒற்றை ஆட்டத் தீர்வில், மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, அவர் அடித்த பந்து வலப்புறக் கோட்டை ஒட்டி ஓடியது. மூவரும் வந்து சேர, ஏஞ்சல்ஸ் பந்துவீச்சாளர் மார்க் லாங்ஸ்டன் ஹோம் பிளேட்டுக்கு எறிந்தது தவறிப்போக, சோஹோவும் ஓடி வந்து நான்காவது ரன்னை எடுத்தார். 2000 அக்டோபர் 26 அன்று எதிரணியான மெட்ஸின் ஷே மைதானத்தில், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டம் 2-2 என இருந்தபோது, ஒன்பதாம் இன்னிங்ஸில் மெட்ஸ் பந்துவீச்சாளர் அல் லைட்டரின் பந்தை, யாங்கீஸுக்கு ஆடிய அவர் நடுக்களத்தின் வழியே அடித்தார். வந்த எறிதல் ஹோம் பிளேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த சக வீரர் ஹோர்ஹே போசாடாவின் மேல் பட்டு விலக, பின்னால் வந்த ஸ்காட் புரோஷியஸும் ரன் எடுத்தார். யாங்கீஸ் 4-2 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. எறிதல் பிசகினால் என்ன நடக்கும் என்பதை இப்படிக் கால்களாலேயே அறிந்த ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியதில் சலுகை எங்கே இருக்கிறது?

மேலும், அவர் நேரே அங்கே வந்து நிற்கவில்லை. 2002-இல் யாங்கீஸின் கிளை அணியான நார்விச் அவர் மேலாண்மையில் ஈஸ்டர்ன் லீக் என்ற கீழ்நிலைத் தொடரின் பட்டம் பெற்றது. (மறு ஆண்டு, முன்னாள் வீரர்களுக்கான ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்த கையோடு, அதே பருவத்தில் மீண்டும் வீரராகவும் சேர்க்கப்பட்டார். அந்த வேடிக்கையை உங்கள் கணக்கு காட்டாது.)

தேசிய அணியை 2006, 2009, 2013 உலக பேஸ்பால் கிளாசிக் போட்டிகளில் நடத்தினார். குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் 2009-ஐச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த அரையிறுதியில் கார்லோஸ் சில்வாவைத் தொடக்கப் பந்துவீச்சாளராக இறக்கினார். முதல் இன்னிங்ஸிலேயே கொரியா 5 ரன்கள் குவித்தது. ஆட்டம் 10-2 எனப் போயிற்று. அந்தத் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்கள் பக்கமே நின்றிருப்பேன்.